ராஜ்மா: பிரஷர் குக்கரா, ஸ்லோ குக்கரா?

டெல்லித் தமிழ் வீடுகளில் சாம்பாருக்குப் பக்கத்திலேயே ராஜ்மாவும் வந்து உட்கார்ந்துவிட்டது. ஆர்.கே.புரத்தில் எங்கள் வீட்டில் ஞாயிறுதோறும் உண்டு. எதில் வேகவைப்பது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

பச்சை ராஜ்மாவில் ஃபைட்டோஹெமக்ளூட்டினின் என்ற லெக்டின் நிறைய உண்டு. லெக்டின் என்றால் சர்க்கரையைப் பற்றிக்கொள்ளும் புரதம். நம் குடல் செல்களின் மேல் சர்க்கரைச் சங்கிலிகள் நீட்டிக்கொண்டிருக்கும். இது போய் அவற்றில் ஒட்டிக்கொள்கிறது. ஊறவைத்த பச்சை விதை நாலைந்து போதும். 1 முதல் 3 மணி நேரத்தில் குமட்டல், கடும் வாந்தி, அப்புறம் வயிற்றுப்போக்கு.

ஸ்லோ குக்கரில் காலையில் போட்டுவிட்டு ஆபீஸ் போகலாம், வசதிதான். ஆனால் உள்ளே சூடு 80 டிகிரியைத் தாண்டாமலே போகலாம். அந்தச் சூட்டில் லெக்டின் அழியாது, நச்சு பச்சை விதையைவிடக் கூடவும் செய்யலாம். விரலால் நசுக்கினால் மெத்தென்று நசுங்கும். வெந்துவிட்டது என்று நம்பிவிடுவோம். இதுதான் எனக்குப் பெரிய பயம்.

பிரஷர் குக்கரில் சுமார் 120 டிகிரி. ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வையுங்கள். என் ஓட்டு இதற்கே. ஸ்லோ குக்கர்தான் வேண்டுமென்றால், முதலில் அடுப்பில் அரை மணி நேரம் தளதளவென்று கொதிக்கவிட்டு அப்புறம் மாற்றுங்கள்.