மிடேவின் புல்வெளி: ஜூனா, ஆகஸ்ட் கடைசியா?

சிகாகோவுக்குத் தென்மேற்கே, ஜோலியட் அருகே, ராணுவத்துக்காக டிஎன்டி வெடிமருந்து தயாரித்த ஆலையின் நிலம் 1996-இல் மிடேவின் தேசியப் புல்வெளியானது. எப்போது போகலாம்?

ஜூனில் புல் இன்னும் குட்டை. அதனால் 2015-இல் கொண்டுவந்து விட்ட அமெரிக்கக் காட்டெருமைகள் (பைசன்) கண்ணில் படும் வாய்ப்பு கூடுதல். வசந்தத்தில் பிறந்த கன்றுகளும் கூடவே திரியும். தென் அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் பாபோலிங்க் பறவைகள் பாடிக்கொண்டே பறக்கும். ஆனால் உண்ணி ஜாக்கிரதை. பேன்ட்டைச் சாக்ஸுக்குள் செருகிக்கொள்ளுங்கள், அழகு பார்க்க வேண்டாம்.

ஆகஸ்ட் கடைசியில் பாபோலிங்க் பாட்டு இருக்காது. காட்டெருமையே எதிரில் நின்றாலும் புல் மறைத்துவிடலாம். சரி, அப்புறம் எதற்குப் போவது? அந்தப் புல்லுக்குத்தான். பிக் புளூஸ்டெம் என்ற புல் ஆள் உயரத்தைத் தாண்டி, வான்கோழிக் கால்போல மூன்றாகப் பிரிந்த கதிரோடு நிற்கும். திசைகாட்டிச் செடியின் அடியிலைகள் பெரும்பாலும் வடக்கு தெற்காக விளிம்பு காட்டி நிற்கும். அதன் வேரோ பத்தடிக்கும் கீழே இறங்கக்கூடியது. வெயில் மட்டும் கடுமை, ஒதுங்க மரம் அதிகமில்லை. தண்ணீர் நிறைய வேண்டும்.

மண் மூடிய பழைய கான்கிரீட் வெடிமருந்துக் கிடங்குகளை இரண்டு பருவத்திலும் பார்க்கலாம்.

குழந்தைகளோடு என்றால் ஜூன். எனக்கென்றால் ஆகஸ்ட்தான்: காட்டெருமையை வேறு இடத்திலும் பார்த்துவிடலாம், தலைக்கு மேல் புல் அசைவதை எங்கே போய்ப் பார்ப்பது?