தீம் ஃபோல்டரைக் காப்பி எடுப்பதா, சைல்டு தீம் போடுவதா?

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் கடைகளுக்கு வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் சைட் செய்து தருபவர்கள், இருக்கும் தீமின் (சைட்டின் தோற்றத்தைத் தரும் ஃபைல்கள்) ஃபோல்டரைக் காப்பி எடுத்து, பெயர் மாற்றி, உள்ளே நேராகக் கைவைப்பது சாதாரணம். உரிமப்படி தவறில்லை. வேர்ட்பிரஸ்ஸின் சொந்த தீம்கள் யாரும் மாற்றிப் பயன்படுத்த அனுமதிக்கும் ஜிபிஎல் உரிமத்தில் வருபவை, பழைய காப்புரிமைக் குறிப்பை மட்டும் அழிக்கக் கூடாது.

என் கவலையெல்லாம் அப்டேட் பற்றித்தான். ஃபோல்டர் பெயர் மாறியதும் அது தனி தீம் ஆகிவிடும், அப்புறம் மூல தீமில் பாதுகாப்பு ஓட்டையை அடைத்தாலும் உங்கள் காப்பிக்கு அது வராது, டாஷ்போர்டில் அறிவிப்புகூட இருக்காது. மார்த்தாண்டத்தில் தேன் விற்பவர் உட்கார்ந்து நிரல் வரிகளை ஒப்பிடுவாரா? பெயரை மாற்றாமலே கைவைத்தால் இன்னும் மோசம், அடுத்த அப்டேட்டில் செய்ததெல்லாம் போய்விடும்.

அதனால் கடை சைட்டுக்கு நான் சைல்டு தீம் பக்கம்தான். அதாவது, மூல தீமை (தாய் தீம்) தொடாமல், மாற்றங்களை மட்டும் தனியாக வைத்திருக்கும் துணை தீம். ஒரு புது ஃபோல்டர், அதில் ஸ்டைல்.சிஎஸ்எஸ், அதன் தலைப்பகுதியில் புது தீமின் பெயர், ‘டெம்ப்ளேட்’ என்ற வரிக்கு நேராகத் தாய் தீமின் ஃபோல்டர் பெயர், தொடங்க இவ்வளவு போதும். ‘மட்டி வாழைப்பழம், மார்த்தாண்டம் தேன்’ என்ற தலைப்பு ஃபோனில் பல வரிகளாக மடியும்போது, ஆங்கிலத்துக்கு அளந்த வரி உயரத்தில் ழகரத்தின் வால் கீழ்வரியின் புள்ளியில் போய் இடிக்கும். அங்கே லைன்-ஹைட்டை (வரி உயரம்) 1.5 ஆக்கினால் சரியாகிவிடும், இதற்குப் போய் முழு தீமையும் காப்பி எடுக்கத் தேவையில்லை.

ஆனால் தாய் தீமின் செயல்பாடுகளுக்கான நிரல் இருக்கும் ஃபங்ஷன்ஸ்.பிஹெச்பி ஃபைலை அப்படியே சைல்டுக்குள் போட்டுவிடாதீர்கள். மற்ற டெம்ப்ளேட் ஃபைல்கள் போல இது தாயுடையதை மாற்றாது, இரண்டுமே ஓடும். ஒரே பெயரில் ஃபங்ஷன் இரண்டு முறை வந்தால் சைட் படுத்துவிடும். கஸ்டமைசர் (தோற்றத்தை மாற்றும் திரை) அமைப்புகளில் பல தீம் வாரியாகச் சேமிக்கப்படுவதால், லோகோ, நிறமெல்லாம் வைப்பதற்கு முன்பே சைல்டுக்கு மாறிவிடுங்கள்.

வேர்ட்பிரஸ் 5.9 பதிப்பிலிருந்து வந்த பிளாக் தீம்களுக்கு (முழு சைட்டையும் எடிட்டரிலேயே மாற்றக்கூடியவை) ‘கிரியேட் பிளாக் தீம்’ என்ற பிளகின் (கூடுதல் மென்பொருள்) இருக்கிறது. எடிட்டரில் செய்த மாற்றங்களோடு குளோனும் (முழு காப்பி) எடுத்துத் தரும், சைல்டும் போட்டுத் தரும். வேலை சுலபம்தான், ஆனால் குளோன் எடுத்தால் அதே அப்டேட் பிரச்சினை.

முழு வடிவமைப்பையும் புதிதாகச் செய்து, பராமரிக்கவும் ஆள் இருந்தால் காப்பி சரி. அப்போதும் வசதிகள் நிறைந்து கிடக்கும் தீம்களை விட்டுவிட்டு, காப்பி எடுத்து மாற்றுவதற்காகவே செய்த அண்டர்ஸ்கோர்ஸ் என்ற அடிப்படை தீமில் தொடங்குங்கள்.