பாலின மனப்பான்மை ஆய்வுக்கு ஒரு சர்வே நிறுவனம்: சென்னையில் எங்களுக்குக் கிடைத்த சேவை

பெண்கள், மாற்றுத்திறனாளிகள், திருநர் ஆகியோரைப் பற்றிச் சென்னைக் குடும்பங்களில் என்ன எண்ணம் நிலவுகிறது என்பதை அறிய எங்கள் அறக்கட்டளை அண்மையில் ஓர் ஆய்வை நடத்தியது. நாங்கள் மொத்தமே நான்கு பேர். 600 வீடுகளின் கதவைத் தட்டுவது எங்களால் ஆகாது என்பதால், களப்பணியை நகரிலுள்ள ஒரு தனியார் சர்வே நிறுவனத்திடம் ஒப்படைத்தோம். இதே போன்ற வேலைக்கு ஆள் தேடும் சிறிய அமைப்புகளுக்கும் முனைவர் பட்ட ஆய்வாளர்களுக்கும் பயன்படட்டும் என்று அந்த அனுபவத்தை எழுதுகிறேன். நான் சொல்லப்போகும் குறைகளில் பல இந்தத் தொழிலின் பொதுவான வழக்கங்கள் என்பதால் நிறுவனத்தின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: களத்துக்குச் செல்லும் பெண்களின் திறமைக்காக இந்த நிறுவனத்தை மீண்டும் அமர்த்துவேன், வினாத்தாளின் தமிழை மட்டும் இனி ஒருபோதும் அவர்கள் கையில் கொடுக்க மாட்டேன்.

முதலில் நிறைகள். மாநகராட்சியின் 200 வார்டுகளிலிருந்து நாங்கள் தேர்ந்தெடுத்த 12 வார்டுகளில் ஐந்து வாரங்களுக்குள் வேலையை முடித்தார்கள். பெண்களிடம் பெண்களே பேச வேண்டும் என்ற எங்கள் நிபந்தனையைத் தட்டாமல் ஏற்றார்கள். அந்தக் களப்பணியாளர்கள் பெரும்பாலும் வியாசர்பாடி, பெரம்பூர்ப் பக்கத்துக்காரர்கள். எந்தத் தெருவில் எத்தனை மணிக்குத் தண்ணீர் லாரி வரும், அந்த நேரத்தில் கதவைத் தட்டினால் என்ன கிடைக்கும் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. கண்ணகி நகரில் ஒரு நாள் அவர்களோடு சென்றேன். மூன்றாம் மாடி வரை ஏறிய ஒரு களப்பணியாளர், டேப்லெட்டைப் பையிலிருந்து எடுக்காமல், வாசற்படியில் உட்கார்ந்து, "அக்கா, கொஞ்சம் தண்ணி குடுங்க" என்று கேட்டு வாங்கிக் குடித்த பிறகுதான் வந்த காரியத்தைச் சொன்னார். எந்தப் பயிற்சிக் கையேட்டிலும் நான் பார்த்திராத தொடக்கம் அது. அந்த வீட்டில் பேச்சு ஏறக்குறைய ஒரு மணி நேரம் நீண்டது.

ஆனால் அங்கே எங்கள் முதல் சிக்கலும் தெரிந்தது. "ஆயிரம் ரூபாய்க்கா எழுதுறீங்க?" என்பதுதான் பல வீடுகளில் எங்களிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி. 2023 செப்டம்பரில் கலைஞர் மகளிர் உரிமைத் தொகை தொடங்கியதிலிருந்து, வீட்டுக்கு வந்து பெண்களிடம் விவரம் கேட்பவர்கள் எல்லோரும் அந்தப் பட்டியலோடு தொடர்புடையவர்கள் என்ற நம்பிக்கை ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அந்த நம்பிக்கையைக் கலைக்காமல் கேள்விகளைத் தொடங்கினால், தன் வருமானத்தை மட்டுமல்ல, தன் வீட்டில் யார் முடிவெடுக்கிறார்கள் என்பதையும் ஒருவர் அதற்கேற்ப மாற்றிச் சொல்வார். "குடும்பத் தலைவர் யார்?" என்று நிறுவனத்தின் படிவம் கேட்டது. அந்தத் தொகை குடும்பத் தலைவிக்கு என்று அறிவிக்கப்பட்டு வழங்கப்படுவதால், இந்தச் சொல் இப்போது வீட்டின் அதிகாரத்தைக் குறிப்பதை விடக் குடும்ப அட்டையைக் குறிக்கும் சொல்லாக மாறிவிட்டது. வந்த பதில்களை வைத்து யார் கையில் அதிகாரம் இருக்கிறது என்று எழுதியிருந்தால் முழுத் தவறாகியிருக்கும். நாங்கள் அந்தக் கேள்வியை நீக்கிவிட்டு, கடைசியாக வீட்டுக்கு வாங்கிய பெரிய பொருள் எது, அதை வாங்கலாம் என்று முதலில் சொன்னவர் யார் என்று கேட்டோம்.

வினாத்தாளின் மொழிதான் எங்களை மிகவும் வருத்தியது. ஆங்கில வினாத்தாளை நாங்கள் கொடுத்தோம். மொழிபெயர்ப்பும் சேவையில் அடங்கும் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. வந்த தமிழில் இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் வியாசர்பாடி வெள்ளோட்டத்தில் அதன் முதல் பக்கமே நகரவில்லை. மனைவியைக் கணவன் அடிப்பதை நியாயம் என்று எண்ணுகிறார்களா என்பதைத் தேசிய குடும்ப நல ஆய்வு ஏழு காரணங்களைத் தனித்தனியே சொல்லிக் கேட்கிறது. 2019-21இல் நடந்த ஐந்தாம் சுற்றில், அவற்றில் ஒன்றையாவது ஏற்பதாக நாடு முழுவதும் 45 விழுக்காடு பெண்களும் 44 விழுக்காடு ஆண்களும் சொன்னார்கள். அந்த முறையைத்தான் நாங்களும் பின்பற்றினோம். "கணவர் மனைவியைத் தாக்குவது நியாயப்படுத்தத்தக்கதா?" என்று படிவம் கேட்டது. ஒரு அம்மாள் சற்று யோசித்துவிட்டு, "அவரு கைநீட்டுற ஆளு இல்லம்மா" என்றார். கேள்வி கேட்டது எண்ணத்தை. பதில் வந்தது அவருடைய கணவரைப் பற்றி. களப்பணியாளர் அதற்கு 'இல்லை' என்று குறித்துக்கொண்டார். கணவரின் நற்பெயரைக் காப்பாற்றிய அந்தப் பதில், வன்முறையை ஏற்காத ஒருவரின் கருத்தாக எங்கள் கணக்கில் ஏறவிருந்தது. பிறகு "பக்கத்துத் தெருவில் ஒரு புருஷன், பெண்டாட்டி சொல்லாமல் வெளியே போய்விட்டாள் என்று கைநீட்டிவிட்டான் என்று வையுங்கள்" என்று தொடங்கிக் கேள்வியை மாற்றினோம். அதே அம்மாள் இரண்டாம் முறை, "சொல்லாம போனா கோவம் வரத்தானே செய்யும்" என்றார்.

இதோடு சேர்ந்த இன்னொரு நுட்பத்தைக் களப்பணியாளர் ஒருவர்தான் எங்களுக்குக் காட்டினார். "வெளியே செல்லக் கணவரின் அனுமதி தேவையா?" என்பதற்கு ஏறக்குறைய எல்லோரும் தேவையில்லை என்றார்கள். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. காசுக்குக் கையேந்தாமல் போய்வர முடிகிறது என்பதைப் பலர் மகிழ்ச்சியோடு சொன்னார்கள். ஆனால் "சொல்லிட்டுப் போவீங்களா, கேட்டுட்டுப் போவீங்களா?" என்று அந்தக் களப்பணியாளர் கேட்டபோது பதில்கள் பிரிந்தன. தாய்வீட்டுக்குக் கேட்டுவிட்டு, மருத்துவமனைக்குச் சொல்லிவிட்டு, ரேஷன் கடைக்கு இரண்டும் இல்லாமல் என்று ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு முறை இருந்தது. 'அனுமதி' என்ற ஒற்றைச் சொல்லால் இதை எட்டவே முடியாது. இப்படி ஒரு கேள்வியைத் தானே கண்டுபிடிக்கும் ஆற்றலுள்ள பெண்களை வேலைக்கு வைத்துக்கொண்டு, மொழிபெயர்க்கும் நேரத்தில் அவர்களில் ஒருவரைக்கூட அந்நிறுவனம் கலந்துகொள்ளவில்லை என்பது எனக்கு இன்னும் ஆற்றாமையாக இருக்கிறது.

வேலையைப் பற்றிய கேள்வியிலும் இதே கதைதான். "வேலை செய்கிறீர்களா?" என்று கேட்டால், மடியில் பூச்சரம் கட்டிக்கொண்டே "சும்மாதான் இருக்கேன்" என்பார்கள். கூலியில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்கு 289 நிமிடங்களும் ஆண்கள் 88 நிமிடங்களும் அதில் செலவிடுவதாக 2024ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வு காட்டுகிறது. அது நேற்றைய நாளை அரைமணி அரைமணியாகப் பிரித்துக் கேட்கும் முறை என்பதால்தான் இந்த உழைப்பு கண்ணில் படுகிறது. நாங்களும் காலை முதல் இரவு வரை என்று மாற்றிய பிறகு படிவத்துக்கு உயிர் வந்தது.

திருநர் பற்றிய பகுதியில் நிறுவனம் 'மூன்றாம் பாலினம்' என்றும், மாற்றுத்திறனாளிகள் பகுதியில் 'ஊனமுற்றவர்' என்றும் எழுதியிருந்தது. 2008இலேயே திருநங்கைகளுக்கு நலவாரியம் அமைத்த மாநிலம் இது. சென்னை உயர் நீதிமன்றத்தில் 2021இல் தொடங்கிய வழக்கு ஒன்றின் விளைவாக, இந்தச் சமூகத்தினரைக் குறிக்க வேண்டிய சொற்களின் பட்டியலை 2022இல் அரசே வெளியிட்டது. அதைக் கையில் கொடுத்ததும் மறுநாளே திருத்தினார்கள். அவர்களிடம் தீய நோக்கம் இல்லை, தேடிப் பார்க்கும் பழக்கம் இல்லை. மாற்றுத்திறன் பற்றிக் கேட்க ஐ.நா. புள்ளியியல் ஆணையம் அமைத்த வாஷிங்டன் குழுவின் ஆறு கேள்விகளைச் சேர்த்தோம். "கண்ணாடி போட்டும் பார்க்கச் சிரமம் உண்டா, படி ஏறச் சிரமம் உண்டா?" என்று அவை செயலை முன்னிறுத்திக் கேட்கின்றன. 'ஊனம்' என்றதும் இல்லை என்ற வீடுகளில், முழங்கால் வலியால் ஒரு வருடமாகக் கீழே இறங்காத பாட்டிகள் இருந்தார்கள்.

இனி எங்களை மிகவும் பாதித்த தவறுக்கு வருகிறேன். ஒரு வீட்டில் யாரிடம் பேசுவது என்பதைக் களப்பணியாளர் தன் வசதிப்படி முடிவுசெய்யக் கூடாது. புள்ளியியலாளர் லெஸ்லி கிஷ் 1949இல் வகுத்த அட்டவணையைக் கொண்டு, வயது வந்தவர்களை வரிசைப்படுத்தி, அதில் குறிக்கப்பட்டவரிடமே கேட்க வேண்டும். அவர் இல்லையென்றால் திரும்பி வர வேண்டும். இருப்பவரிடம் கேட்டுவிட்டுப் போகலாகாது. இதையெல்லாம் டேப்லெட்டே கணக்கிட்டுக் காட்டியது. மறுசரிபார்ப்புக்காக நாங்கள் சில வீடுகளுக்குத் தொலைபேசியில் பேசினோம். புளியந்தோப்பில் ஒரு வீட்டில் தேர்வானவர் 31 வயதுப் பெண் என்று படிவம் சொல்ல, பேசியவர் தன் வயது 40க்கு மேல் என்றார். தேர்வானவர் அவருடைய நாத்தனார், காது கேளாதவர். "அவளுக்குப் பேச வராதும்மா, அதான் நானே சொல்லிட்டேன்" என்றார் அந்த அண்ணி, எந்த ஒளிவும் இல்லாமல். ஒலிப்பதிவைக் கேட்டோம். 40 நிமிடம் ஆக வேண்டிய நேர்காணல் 14 நிமிடத்தில் முடிந்திருந்தது. யாரையெல்லாம் சமூகம் ஒதுக்கிவைக்கிறது என்று கேட்கப் போன ஆய்வில், ஒதுக்கிவைக்கப்பட்டவரையே நாங்களும் தாண்டி வந்திருக்கிறோம். அன்று இரவு எங்களில் ஒருவருக்கும் உறக்கம் வரவில்லை.

நிறுவனத்தின் மேலாளரிடம் சொன்னபோது, "வழக்கமாக இப்படி மாற்றிக்கொள்வதுண்டு, மேடம்" என்றார். சோப்புத்தூள் பற்றிய சந்தை ஆய்வில் அது பெரிய பாதகமாக இல்லாதிருக்கலாம். இந்த ஆய்வில் அது ஆய்வையே பொய்யாக்கும். அவர் வாதாடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இப்படி மாற்றப்பட்டிருந்த எல்லாப் படிவங்களையும் தேடியெடுத்து, கூடுதல் கட்டணம் கேட்காமல் திரும்பச் செய்து கொடுத்தார்கள்.

தனிமை பற்றி அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியிருந்தது. மாமியார் கதவருகே நிற்கும்போது அடிதடி பற்றிய கேள்வியைத் தொடவே கூடாது. குடும்ப வன்முறை ஆய்வுகளுக்காக உலக சுகாதார நிறுவனம் 2001இல் வெளியிட்ட நெறிகளில் இது அடிப்படையானது. தேசிய குடும்ப நல ஆய்வும் தனிமை கிடைக்காத வீட்டில் குடும்ப வன்முறைப் பகுதியைக் கேட்பதில்லை. ஆள் வந்துவிட்டால் உடனே பேருந்து, தண்ணீர் என்று பேச்சை மாற்றக் களப்பணியாளர்களுக்கு ஒரு நாள் முழுக்கப் பயிற்சி கொடுத்தோம்; மிக விரைவாகப் பிடித்துக்கொண்டார்கள். உதவி எண் அச்சிட்ட அட்டையை முதலில் தனியாகக் கொடுத்தோம். கணவர் பார்த்தால் என்ன ஆகும் என்று ஒரு களப்பணியாளர் கேட்ட பிறகு, ஆம்புலன்ஸ் எண் 108, குழந்தைகள் உதவி எண் 1098 ஆகியவற்றின் நடுவே பெண்கள் உதவி எண்ணான 181ஐயும் வைத்து ஒரு பொது அட்டையாக மாற்றினோம்.

தரவு வந்து சேர்ந்த விதத்தில் எனக்குக் கடும் ஆட்சேபம் உண்டு. பெயர், கைபேசி எண், பதில்கள் எல்லாம் ஒரே எக்செல் தாளில், கடவுச்சொல்கூட இல்லாமல் மின்னஞ்சலில் வந்தன. ஒரு பெண் தன் வீட்டைப் பற்றி நம்பிச் சொன்னது அவருடைய எண்ணோடு சேர்ந்து உலா வருவதை எந்தக் காரணத்தாலும் ஏற்க முடியாது. அழிக்கச் சொல்லி, அடையாள விவரங்களைத் தனிக் கோப்பாகப் பிரித்து மறுபடி வாங்கினோம். விரிவான பதில்களையும் ஆங்கிலச் சுருக்கமாகவே கொடுத்தார்கள். "அட்ஜஸ்ட் பண்ணிட்டுப் போகணும்", "மானம் போயிடும்", "நமக்கு விதிச்சது அவ்வளவுதான்" என்று மூன்று பேர் சொன்ன மூன்று வேறு விஷயங்கள் 'சமரசம்' என்ற பொருள் தரும் ஒரே குறியீட்டில் அடைக்கப்பட்டிருந்தன. தமிழ் எழுத்துப்படிக்குத் தனியாகப் பணம் கட்டினோம்; கொடுத்த காசுக்கு அதுவே சிறந்த பலன் தந்தது.

இந்தத் தவறுகளில் பாதி, களப்பணியாளருக்குப் படிவத்துக்கு இவ்வளவு என்று கூலி கொடுக்கும் முறையிலிருந்து பிறப்பவை. மூன்று முறை ஏறி இறங்கியும் ஆள் இல்லாத வீட்டுக்கு ஒரு ரூபாயும் இல்லை என்றால், எதிரில் இருப்பவரிடம் கேட்டு முடிக்கவே கை போகும். வேலைக்குப் போகும் பெண்களைப் பார்க்க மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் வரச் சொன்ன நாங்கள், இருட்டிய பிறகு அவர்கள் வீடு திரும்ப ஆட்டோ கட்டணத்தைச் சேர்க்க முதலில் மறந்துவிட்டோம். அது எங்கள் பிழை. நீங்கள் ஒப்பந்தம் போடும்போது நாள் கூலியையும், திரும்பச் செல்வதற்கான தொகையையும், ஒலிப்பதிவைச் சரிபார்க்கும் உரிமையையும், வினாத்தாளைக் களப்பணியாளர்களோடு உட்கார்ந்து திருத்த இரண்டு நாட்களையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். விலை ஏறும், கேட்டால் இந்த நிறுவனம் மறுக்காது.

புளியந்தோப்பு வீட்டுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை சைகை மொழிபெயர்ப்பாளர் ஒருவரோடு மீண்டும் போனோம். பள்ளியில் சைகை மொழி கற்றவர் அந்தப் பெண். மாடி அறையில், அண்ணியைக் கீழே அனுப்பிவிட்டு, ஒரு மணி இருபது நிமிடம் பேசினார். வீட்டில் முக்கியமான பேச்சு நடக்கும்போது உங்களுக்கு யார் சொல்வார்கள் என்ற கேள்விக்கு, எல்லாம் முடிந்த பிறகு அண்ணன் மகள் வந்து சொல்வாள் என்று பதில் சொன்னார். அவளுக்கு ஒன்பது வயது. அன்று வந்திருந்த களப்பணியாளருக்கு அந்த ஒரு படிவத்துக்கு மூன்று படிவங்களின் கூலியைக் கொடுக்கும்படி நிறுவனத்திடம் கேட்டோம். கொடுத்துவிட்டதாக அவரே பின்னர் தொலைபேசியில் சொன்னார்.