காப்பகத்திலிருந்து ஒரு குட்டியா, இரண்டா? பூனை வளர்ப்புக்கு ஒரு சென்னைக் கணக்கு

ப்ளூ கிராஸ் போன்ற பெரிய காப்பகமோ, மொட்டைமாடியில் நாலு கூண்டு வைத்து நடத்தும் சின்ன மீட்புக் குழுவோ, பூனைக்குட்டி எடுக்கப் போனால் இந்தக் கேள்வி வரும்: "கூடப் பொறந்ததையும் சேர்த்து எடுத்துக்கிறீங்களா?" ஒன்றன்மேல் ஒன்று படுத்துத் தூங்கும் இரண்டையும் பார்த்துக்கொண்டே இதற்குப் பதில் சொல்வது கஷ்டம். கணக்கை வீட்டிலேயே போட்டுவிட்டுப் போவது நல்லது.

என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு குட்டி, ஒரே ஈற்றில் பிறந்தவை, முடிந்தால் இரண்டும் கடுவன். ஆனால் "ஒன்றுக்கு ஆகிற செலவில் இன்னொன்றும் வளர்ந்துவிடும்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். முதல் வருடத்தில் இரண்டாவது குட்டி, முதல் குட்டியின் செலவில் ஐந்தில் நான்கு பங்கைக் கூடுதலாகக் கேட்கும். கீழே வருபவை சென்னையில் தனியார் கிளினிக், சாதாரண பெட் ஷாப் விலைகளை ஒட்டிய திட்டத் தொகைகள். ஏரியாவுக்கு ஏரியா கொஞ்சம் ஏறி இறங்கும்.

ஒரே தடவை ஆகும் செலவு

இரண்டுக்கும் பொதுவானது இது மட்டும்தான். இதில் பெரியது பால்கனிக்கும் ஜன்னல்களுக்கும் வலை. கொசுவலை போதாது; நாலு மாதக் குட்டி நகத்தால் ஏறியே அதைக் கிழித்துவிடும். புறாவுக்கு அடிக்கும் கெட்டியான நைலான் வலை 100 சதுர அடிக்கு, ஆள் கூலியோடு, 3,000 ரூபாய் வைத்துக்கொள்ளலாம். தூக்கிப்போகும் கூடை 1,500. ஒன்றே போதும், நாலைந்து மாதம்வரை இரண்டும் அதில் அடங்கும். அதற்குப் பிறகு இன்னொரு கூடை தேவைப்படும். நகம் தேய்க்க ஒரு மரக்கட்டையில் சணல் கயிற்றை நெருக்கமாகச் சுற்றி, அசையாமல் நிறுத்தினால் போதும். ஆடும் கட்டையைப் பூனை தொடாது, சோபாவுக்குப் போய்விடும். தட்டு, கிண்ணம் எல்லாம் சேர்த்து ஒரு குட்டிக்கு 6,000, இரண்டுக்கு (பின்னால் வாங்கும் இரண்டாவது கூடை சேராமல்) 6,800.

மருத்துவம்

இங்கே இரண்டு என்றால் அப்படியே இரண்டு மடங்கு. ட்ரைகேட் (மூன்று வைரஸ் நோய்களுக்கான) தடுப்பூசி 8 வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில், 16 வாரம் ஆகும்வரை போட வேண்டும். மூன்று ஊசி என்று வைத்தால் 3,000. 12 வாரத்துக்கு மேல் ரேபிஸ் ஊசி 400. மாதாமாதம் பூச்சி மருந்து, ஆறு மாதத்துக்கு 500. கருத்தடை ஆபரேஷன் கடுவனுக்கு 4,000, பெட்டைக்கு 6,500. பெட்டைக்கு வயிற்றைத் திறக்க வேண்டியிருப்பதால்தான் இந்த வித்தியாசம். ஆக ஒரு கடுவனுக்கு 7,900, ஒரு பெட்டைக்கு 10,400. இரண்டு கடுவன் கேட்பதற்கு முதல் காரணம் இந்த 5,000 ரூபாய் மிச்சம்.

கடுவனும் பெட்டையுமாக எடுத்தால் ஆபரேஷனைத் தள்ளிப்போடவே முடியாது. பெட்டை நாலு மாதத்திலேயே சூட்டுக்கு வரலாம், உடன்பிறப்பு என்ற கணக்கெல்லாம் அவற்றுக்குக் கிடையாது. கடுவனுக்கு மட்டும் முதலில் செய்துவிட்டு நிம்மதியாக இருப்பதும் தவறு. ஆபரேஷனுக்குப் பிறகும் சில வாரங்கள்வரை அதனால் சினைப்படுத்த முடியும். ஒன்பது வாரத்தில் இரண்டு பூனை ஆறாகிவிடும்.

காப்பகத்தில் ஏற்கெனவே என்னென்ன போட்டிருக்கிறார்கள் என்பதைத் தேதியும் ஊசி பாட்டில் ஸ்டிக்கரும் உள்ள அட்டையாகக் கேளுங்கள். "எல்லாம் போட்டாச்சு" என்ற வாய்வார்த்தையை வைத்துக்கொண்டு எந்த டாக்டராலும் அட்டவணையைத் தொடர முடியாது, முதலிலிருந்து போட வேண்டிவரும். கையில் பணம் இறுக்கமென்றால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. காத்திருக்க நேரம் வேண்டும், செலவு தனியாரைவிட வெகுவாகக் குறையும்.

சாப்பாடு

ஒரு குட்டிக்கு மாதம் ஒன்றரை கிலோ உலர் தீனி, கூட வேகவைத்த கோழி அல்லது ஈரத் தீனி: 1,000 ரூபாய். இரண்டுக்கு 2,000. பையில் 'கிட்டன்' என்று போட்டிருப்பதையே ஒரு வயதுவரை கொடுங்கள். பால் வேண்டாம், வயிற்றால் போகும். மீன் சோற்றை மட்டும் வைத்து வளர்த்தால் டாரின் சத்து போதாமல் கண்ணும் இதயமும் கெடும்.

மணல்தான் முடிவு செய்யும்

ஒன்றா இரண்டா என்பதை நான் மணலை வைத்துத்தான் முடிவு செய்யச் சொல்வேன். கடையில் கேட் லிட்டர் என்று கேட்டால் தரும் பூனை மணல். எல்லாரும் சாப்பாட்டுக்கும் ஊசிக்கும் கணக்குப் போடுகிறார்கள், மணலுக்கு ஒரு பை என்று எழுதிவிட்டுக் கடந்துவிடுகிறார்கள். மாதக் கடைசியில் கை இறுகும்போது முதலில் வெட்டப்படுவதும் அதுதான். அதன் விலை மெத்தையில் தெரியும்.

கணக்கு இப்படி. 40 சென்டிமீட்டர் நீளம், 30 அகலமுள்ள பிளாஸ்டிக் பேசினில் 5 சென்டிமீட்டர் உயரத்துக்கு மணல் வேண்டும். அதற்குக் குறைந்தால் மூத்திரம் அடிவரை போய் ஒட்டிக்கொள்ளும், கட்டி உடையும், நாற்றம் போகாது. ஈரம் பட்டதும் கட்டியாகும் பெண்டோனைட் (களிமண் வகை) மணலில் அந்த உயரத்துக்கு ஒரு பேசினுக்கே ஐந்து கிலோவுக்கு மேல் பிடிக்கும். கடையில் வாங்கிவந்த 5 கிலோ பை முதல் நாளே காலி. வளர்ந்த பூனை தினம் கட்டியாக வெளியேற்றுவது 150 முதல் 200 கிராம் மணல். மாதம் ஐந்தாறு கிலோ. மாதம் ஒருமுறை பேசினை முழுக்கக் கொட்டிக் கழுவும்போது மிச்சமும் போகும். கடைசி வாரம் புது மணல் சேர்க்காமல் மட்டத்தை இறங்கவிட்டால் கொட்டும்போது மூன்று கிலோதான் வீணாகும். ஆக ஒரு பூனைக்கு மாதம் 8 கிலோ, 600 ரூபாய். இரண்டுக்குக் குறைந்தது இரண்டு பேசின், மாதம் 15 கிலோ, பெரிய பையாக வாங்கினால் 1,100. பூனை எண்ணிக்கையைவிட ஒரு பேசின் கூடுதலாக வைப்பதுதான் முறை. ஒரே ஈற்றுக் குட்டிகளுக்கு இரண்டில் தொடங்கலாம், ஒன்று இன்னொன்றை வழிமறிக்கத் தொடங்கினால் மூன்றாவதை வேறு அறையில் வைத்துவிடுங்கள்.

சோயாவில் செய்யும் டோஃபு மணல் தூசி குறைவு, எடை குறைவு, மாடி ஏற்றச் சுலபம். ஆனால் இரண்டு பூனைக்கு மாதம் 1,400 வரை போகும், மழைக்காலத்தில் பூஞ்சையும் பிடிக்கும். ஒரே பூனை உள்ள வீட்டுக்கு அதைத் தயங்காமல் சொல்லலாம். கட்டட வேலைக்கு வாங்கிய எம்-சாண்ட் மிஞ்சியிருக்கிறதே என்று போடாதீர்கள்: கட்டியாகாது, மூத்திரம் அடியில் தேங்கும், கூர்மணல் பாதத்தை உறுத்தும்.

குட்டிகள் மூன்று மாதம் ஆகும்வரை கட்டியாகும் மணலே வேண்டாம். அந்த வயதில் எதையும் நக்கிப் பார்க்கும், வயிற்றுக்குள் போனால் அங்கேயும் கட்டியாகும். கிழித்த செய்தித்தாள் அல்லது மரத்தூள் குச்சிகள் போதும். இதனால் முதல் மாதம் மணல் செலவு கிட்டத்தட்ட இல்லை, பலர் ஏமாந்துபோவதும் இந்த மாதத்தை வைத்துத்தான். இரண்டும் ஐந்து மாதம் ஆகும்போது வரும் பில்தான் உண்மையான பில்.

மணல் போதவில்லை என்பதைக் குட்டியே காட்டும். நாலு காலையும் பேசின் விளிம்பில் ஊன்றி நின்றபடி போகும், போனபின் மணலை விட்டுவிட்டுச் சுவரைச் சுரண்டும். அடுத்தது கால்மிதி, அதற்கடுத்தது துவைக்கப் போட்ட துணிக்குவியல். அந்த இடத்தைக் கறுப்பு ஃபினாயில் போட்டுத் துடைக்கக் கூடாது. பீனால் வகை மருந்துகள் பூனைக்கு விஷம், ஈரத்தில் நடந்து காலை நக்கினாலே போதும். சோப்புத்தண்ணீரால் இரண்டுமுறை கழுவி வெயிலில் காயவிடுங்கள்.

நவம்பர் மழையில் திறந்த பையில் பெண்டோனைட் தானாகவே ஈரம் இழுத்து இறுகிவிடும். மூடியுள்ள 20 லிட்டர் பெயின்ட் வாளியில் கொட்டி வைத்தால் மாதம் தாங்கும். அள்ளிய கட்டியைக் கழிப்பறையில் போட்டால் குழாய்க்குள் ஊறி அடைத்துக்கொள்ளும், அடுக்குமாடி வீட்டில் அது கீழ்வீட்டாரின் பிரச்சினையும் ஆகும். கவரில் கட்டிக் குப்பைக்குப் போடுங்கள். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் வேறு யாராவது தினமும் அள்ள வேண்டும்.

ஜோடிக்கு எதிரான இரண்டு விஷயங்கள்

ஒரு பூனை என்றால் தினமும் மூன்று கட்டி, ஒரு மலம் என்று எண்ணிவிடலாம். கட்டி குறைந்தால் மூத்திர அடைப்போ என்று அன்றே சந்தேகம் வரும். கடுவனுக்கு அது உயிர்போகும் அவசரம், மறுநாள் பார்க்கலாம் என்று விட முடியாது. இரண்டு பூனை பேசினைப் பகிர்ந்தால் எந்தக் கட்டி யாருடையது என்று தெரியாது. ஒன்று அடிக்கடி பேசினில் உட்கார்ந்து முக்கினால் உடனே தனியறையில் விட்டு, தனிப் பேசின் வைத்துப் பாருங்கள். கட்டி விழவில்லை என்றால் டாக்டரிடம் ஓட வேண்டியதுதான்.

இன்னொன்று தொற்று. பேன்லுகோபீனியா என்ற வைரஸ் நோய் ஒன்றுக்கு வந்தால் தடுப்பூசி முடியாத மற்றதற்கும் வர எல்லா வாய்ப்பும் உண்டு. சலைனும் ஊசியுமாக நாளுக்கு 1,500 ரூபாய், ஐந்து நாள், இரண்டு குட்டி. அதனால் அவசரத் தொகை ஒன்றுக்கு 10,000, ஜோடிக்கு 20,000 தனியாக இருக்க வேண்டும். வெவ்வேறு கூண்டிலிருந்து கூண்டுக்கொன்றாக எடுப்பதை மட்டும் செய்யாதீர்கள், இரண்டு கூண்டின் நோயும் ஒரே வீட்டுக்கு வந்துவிடும்.

கூட்டினால்

முதல் வருடம், அவசரத் தொகையும் இரண்டாவது கூடையும் சேராமல், ஒரு கடுவனுக்கு 33,100. இரண்டு கடுவனுக்கு 59,800. அதற்குப் பின் மாதச் செலவு 1,600, 3,100. வருடாந்தர ஊசி தனி. வயதான காலத்தில் பல், சிறுநீரகச் செலவுகள் எப்படி இருக்கும் என்பது பூனைக்குப் பூனை மாறும், அதற்கு இப்போதே உறுதியாக ஒரு தொகை சொல்ல முடியாது.

இவ்வளவு கூடுதல் ஆகியும் ஜோடியைச் சொல்வதற்குக் காரணம், இரண்டு மாதக் குட்டிக்குக் கடிக்கிற அளவு கற்றுத்தருவது இன்னொரு குட்டிதான். அழுத்திக் கடித்தால் அது கத்தும், விளையாட்டை நிறுத்தும். தனிக்குட்டிக்கு அந்தப் பாடம் உங்கள் கையிலும் கணுக்காலிலும்தான் நடக்கும், அதுவும் ராத்திரி இரண்டு மணிக்கு. பகலெல்லாம் பூட்டியிருக்கும் வீட்டில் தனிக்குட்டியை விடுவது அதற்குச் செய்யும் நியாயமில்லை. வளர்ந்தபின் இரண்டும் கடைசிவரை ஒட்டிக்கொண்டே இருக்கும் என்று உத்தரவாதம் கிடையாது, சில ஜோடிகள் இரண்டு வயதில் ஆளுக்கொரு அலமாரியாகப் பிரிந்துவிடும். ஏற்கெனவே வீட்டில் விளையாட்டுக்குணமுள்ள பூனை இருந்தால் ஒரு குட்டி போதும்.

மாதம் 3,100 இடிக்கிறது, பகலில் வீட்டில் ஆளும் இல்லை என்றால் தனிக்குட்டிக்கு இறங்கிவராதீர்கள். அதே காப்பகத்தில் ஆபரேஷனும் ஊசியும் முடிந்த இரண்டு வயதுப் பூனை ஒன்றைக் கேளுங்கள். முதல் வருட மருத்துவச் செலவில் பெரும்பகுதி அங்கேயே முடிந்திருக்கும், குணமும் தெரிந்திருக்கும்.

எதை எடுத்தாலும் கிளம்பும்போது கூண்டில் இருக்கும் பழைய மணலில் ஒரு கைப்பிடி கவரில் கேட்டு வாங்கிவாருங்கள். புதுப் பேசினில் அதை மேலாகத் தூவி, குட்டியை அதன்மேல் இறக்கிவிட்டால் இடம் புரிந்துவிடும்.