டிசி-3, பீச்கிராஃப்ட் 18: விமான சிமுலேட்டரில் எதை முதலில் ஓட்டலாம்?

1935இல் முதன்முதலாகப் பறந்த டக்ளஸ் டிசி-3, 1937இல் பறந்த பீச்கிராஃப்ட் மாடல் 18 ஆகிய இரண்டும் வால்சக்கரம் கொண்ட இரட்டை எஞ்சின் விமானங்களே. 29 மீட்டர் இறக்கை விரிவுடைய டிசி-3 கட்டுப்பாடுகளுக்கு மெதுவாகவே இணங்குவதால், இறங்குவதற்கான வேகத்தையும் உயரத்தையும் வெகு முன்னரே திட்டமிட வேண்டும். அந்த நிதானமே எனக்கு மிகவும் பிடித்தது. தலா 450 குதிரைத்திறன் எஞ்சின்களும் ஏறத்தாழப் பாதி இறக்கை விரிவும் கொண்ட பீச் 18 கைக்கு உடனே பணியும்.

தரை தொட்ட பிறகுதான் உண்மையான வேறுபாடு தெரியும். ஈர்ப்பு மையம் முதன்மைச் சக்கரங்களுக்குப் பின்னால் இருப்பதால் இரண்டின் வாலும் பக்கவாட்டில் சுழல முனையும். சிறிய பீச் 18இல் அது விரைவாக நிகழ்ந்துவிடும். எனவே, அந்தச் சுழற்சியைத் திருத்தக் காலால் இயக்கும் சுக்கான் மிதிகள் இன்றி ஜாய்ஸ்டிக்கை மட்டும் நம்பியிருப்பவர் டிசி-3இல் தொடங்குவதே நல்லது.