சித்திரமா, சங்கீதமா, நாடகமா: தரம் 10க்குப் போகும் பிள்ளைக்கு எது?

மகளின் பாடத்தெரிவுப் படிவம் வீட்டுக்கு வந்து ஒரு கிழமையாகிறது. தரம் 11 முடிவில் வரும் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையில் ஒன்பது பாடம். ஆறு கட்டாயம், மற்ற மூன்றும் தொகுதிக்கு ஒன்றாக நாங்கள் தெரிய வேண்டியவை. முதலாம், மூன்றாம் தொகுதிகளுக்கு இரண்டு நிமிடம் போதுமாக இருந்தது. இரண்டாம் தொகுதியில்தான் வீடு இரண்டுபட்டது. நான் அந்தக் காலத்தில் சித்திரம் எடுத்தவன். மனைவி சங்கீதம். மகளோ, "அப்பா, நான் நாடகம் எடுக்கட்டோ?" என்று கேட்டுக்கொண்டு நிற்கிறாள். நடனமும் இலக்கிய நயமும் அதே தொகுதியில் உண்டு. அவளுக்கு இரண்டிலும் நாட்டமில்லை, ஆகவே அவற்றை விட்டுவிடுகிறேன்.

அக்கம்பக்கத்தில் கேட்டால் ஒரே கேள்விதான் திரும்பி வருகிறது: "எதிலை சுகமா ஏ எடுக்கலாம்?" 75 புள்ளி எடுத்தால் ஏ. ஒன்பது ஏ என்ற கணக்குக்கு ஒரு கலைப்பாடம் இடைஞ்சலாக வந்துவிடக்கூடாது என்பதே பெற்றோரின் கவலை. எனக்கு அந்தக் கேள்வி பிடிக்கவில்லை. இரண்டு வருடம் ஒரு பிள்ளை ஒரு கலையோடு இருக்கப்போகிறது. அந்தக் கலையில் எவ்வளவைப் பள்ளிக்கூடம் கற்றுத்தரும், எவ்வளவை வீடு ஏற்கனவே கொடுத்திருக்க வேண்டும் என்றுதான் பார்க்க வேண்டும்.

இப்படிப் பார்த்தால் சங்கீதத்தின் நிலை உடனே தெரிந்துவிடும். அந்தப் பாடம் தரம் 10இல் தொடங்குவதில்லை. மனைவி ஏழு வயதில் பாயில் இருந்து, கர்நாடக சங்கீதத்தின் முதற் பயிற்சியான சரளிவரிசை பாடத் தொடங்கியவர். பிறகு வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சைகளைத் தரம் தரமாக எழுதியவர். சாதாரண தரச் செயன்முறைப் பரீட்சைக்குப் போனபோது அறையில் இருந்த பரிசோதகர் வர்ணம் என்ற உருப்படியை முதலாம் காலத்தில், அதாவது மெதுவான வேகத்தில் பாடச் சொல்லி, உடனே இரண்டாம் காலத்துக்குப் போகச் சொன்னாராம். தாளம் போடும் கை அப்படியே இருக்க, சுரம் மட்டும் இரட்டை வேகத்தில் ஓட வேண்டும். "பாட்டு வந்துது, என்ரை கையைத்தான் நான் பிடிச்சுக்கொண்டிருந்தனான்" என்று இன்றைக்கும் சொல்லுவார். அவருக்குப் பிறகு உள்ளே போன பிள்ளை பள்ளிக்கூடத்தில் மட்டும் படித்தது. குரல் நல்ல குரல், ஆனால் இரண்டாம் காலத்தில் கை நின்றுவிட்டது. கிழமைக்குச் சில பாடவேளையில் அந்தக் கை பழகாது.

எழுத்துப் பகுதி அப்படியல்ல, அதை யாரும் படித்துவிடலாம். இராகப் பெயரின் முதல் இரண்டு எழுத்திலிருந்து அதன் எண்ணைக் கண்டுபிடிக்கும் கடபயாதி முறையை முதன்முதல் விளங்கிக்கொண்டபோது எனக்கே சந்தோசமாக இருந்தது. மாயாமாளவகௌளையில் 'மா'வுக்கு 5, 'யா'வுக்கு 1. 51ஐத் திருப்பினால் 15, அதுதான் மேளகர்த்தா எண், அதாவது தாய் இராகங்களின் வரிசையில் அதன் இடம். எழுபத்திரண்டு தாய் இராகத்தையும் பெயருக்குள்ளேயே எண்ணிட்டு வைத்திருக்கிறார்கள். என்றாலும் செயன்முறைக்கு ஆறேழு வருடப் பழக்கம் கேட்கும் பாடத்தை, வீட்டில் சுருதியே கேட்காத பிள்ளையிடம் பதினைந்து வயதில் நீட்டுவது நியாயமாகப் படவில்லை. சின்ன வயதில் தொடங்கிய பிள்ளை என்றால் யோசிக்கவே தேவையில்லை, சங்கீதம்தான். அது கடைசிவரை கூட வரும். எங்கள் குசினியில் தினமும் கேட்கிறேன்.

சித்திரம் கொஞ்சம் இரக்கமுள்ளது. தனியாக இருந்து பழகலாம், பிழைத்தால் இன்னொரு தாள் எடுக்கலாம். வினாத்தாள் மூன்று. முதலாவது எழுத்து. மற்ற இரண்டிலும் தூரிகையோடுதான் வேலை. என் பரீட்சை மண்டபத்தில் மேசைமேல் ஒரு மண்சட்டியும் பாதி வெட்டிய பூசணியும் வைத்திருந்தார்கள். பூசணியின் மஞ்சள் சுலபம். சட்டியின் வாய்க்குள் இருந்த இருட்டுத்தான் கஷ்டம். கறுப்பைத் தொட்டால் சட்டி ஓட்டையாகிவிடும், மண்ணிறத்தில் நீலம் கலந்து மெல்ல மெல்ல இறக்க வேண்டும். இரண்டாவது மணித்தியாலத்தில் போஸ்டர் கலர் தட்டில் காய்ந்து, தண்ணீர் விட்டால் தாள் பொம்மிக்கொண்டு எழும்பும். அந்த இரண்டு மணித்தியாலம் ஒரு பொருளைப் பார்த்ததுபோல் வாழ்க்கையில் வேறு எதையும் நான் பார்த்ததில்லை. சித்திரப் பாடம் எனக்குத் தந்தது அந்தக் கண்ணைத்தான்.

ஆனால் எழுத்துப் பகுதியில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. சீகிரிய ஓவியம், பொலன்னறுவைக் கல்விகாரைப் புத்தர் சிலைகள், விகாரை வாசற்படியடியில் இருக்கும் அரைவட்டச் செதுக்குக் கல்லான சந்திரவட்டக்கல் எல்லாம் குறிப்பெழுதிப் பாடமாக்கினோம். அநுராதபுரக் காலத்துச் சந்திரவட்டக்கல்லில் இருந்த எருது பொலன்னறுவைக் காலத்தில் இல்லாமற் போனது என்று இப்போது கேட்டாலும் சொல்லுவேன். ஏன் என்ற கேள்வியில் எருதைப் புனிதமாக நினைக்கும் எங்கள் சைவ சமயமும் வருகிறது என்பதை ஒருவரும் வகுப்பில் பேசவில்லை. ஊர்க்கோயில் தேரின் மரச்சிற்பத்தை ஒரு நாளும் போய்ப் பார்க்கவில்லை. ஓவியர் அ. மாற்கு உயிரோடு இருந்த காலத்திலேதான் நான் யாழ்ப்பாணத்தில் சித்திரம் படித்தேன். அவருடைய ஒரு படத்தைக்கூட வகுப்பில் காட்டவில்லை. இன்றைக்கு நல்ல ஆசிரியர் கிடைத்தால் இந்தக் குறை தீரும், பாடத்தில் பிழையில்லை.

இனி நாடகமும் அரங்கியலும். நான் மகளின் பக்கம் சாய்ந்தது இங்கேதான்.

போன தவணை அவளைக் கூட்டிவரப் போனபோது மண்டபத்தில் கதிரைகளைச் சுவரோடு ஒதுக்கிவிட்டு ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. தமிழ் மொழித் தினப் போட்டிக்கான கூத்து. வகுப்பில் வாயே திறக்காத பெடியன் ஒருவன் நடுவில் நின்றான். ரீச்சர் மத்தளக்காரனைப் பார்த்துத் தலையசைத்தார். தாளக்கட்டு விழுந்ததும் பெடியன் கால் மாறிப் பின்தங்கினான். மறுபடி. மறுபடியும் பிழை. "காலை விடு, முதல்லை குரலை அந்தக் கிணத்தடி மட்டும் எறி" என்றார் ரீச்சர். எறிந்தான். சுற்றி நின்ற பன்னிரண்டு பேரும் அவனுடைய வரியைப் பிற்பாட்டாக வாங்கினார்கள். அதற்குப் பிறகு கால் தானாக வந்தது. அவனுக்கு வீட்டில் யாரும் கூத்துச் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். அங்கே நின்ற எல்லோரும் ஒரே கோட்டில் இருந்து தொடங்கியவர்கள். மூன்று பாடத்திலும் பள்ளிக்கூடமே முழுதாகத் தரக்கூடியது இது ஒன்றுதான். ஆள் சேராமல் படிக்கவும் முடியாது.

நாடகத்தை இன்னும் 'பகிடிப் பாடம்' என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். விடிய விடிய வட்டக்களரி என்ற வட்டமான ஆடுகளத்தில் ஆடிய வடமோடி, தென்மோடி என்ற இரு பாணிக் கூத்துகளை 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்த சு. வித்தியானந்தன் சுருக்கிச் செம்மைப்படுத்தி மேடைக்குக் கொண்டுவந்தார். அதில் ஆடிய மாணவர் சி. மௌனகுரு பின்னர் தானே பேராசிரியரானார். யாழ்ப்பாணத்தில் 1978இல் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கிய குழந்தை ம. சண்முகலிங்கம் பள்ளிப் பிள்ளைகளுக்கென்றே நாடகம் எழுதியவர். மற்றக் கலைகளை எங்கிருந்தோ வாங்கிப் படிக்கிறோம் என்ற உணர்வு வரலாம், இதில் பாடப்பொருளே எங்கள் ஊர்.

செலவும் குறைவு. சங்கீதத்துக்கு மாதாமாதம் வகுப்புக் காசு, சித்திரத்துக்குத் தூரிகையும் நிறமும் தாளும். நாடகத்துக்கு உடம்பும் குரலும் போதும். அது கேட்பது நேரத்தை. ஒத்திகை பள்ளிக்கூடம் விட்ட பிறகுதான். தூரத்துப் பிள்ளைகள் பலர் இந்தப் பாடத்தை விடுவது பஸ்ஸுக்காகத்தான்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நாடகம் படித்த ஆசிரியர் இல்லாத பள்ளிக்கூடத்தில் இந்தப் பாடத்தை எடுக்கவே வேண்டாம். யாரோ ஒருவர் இரண்டு வருடமும் குறிப்புச் சொல்லி எழுதவைப்பார், செயன்முறைப் பரீட்சைக்கு முதல் மாதம் ஓடித்திரிவார்கள். அப்படி ஒரு நிலை என்றால் சித்திரம் எவ்வளவோ மேல். சுமாரான ஆசிரியரோடும் பிள்ளை தன் முயற்சியில் கரையேறலாம். உயர்தரத்தில் விஞ்ஞானம் படிக்க நாடகம் தடையாகிவிடுமோ என்ற பயம் மட்டும் தேவையில்லை. அங்கே முக்கியமாகப் பார்ப்பது கணித, விஞ்ஞானப் பெறுபேறுகளைத்தான்.

மகளின் பள்ளிக்கூடத்தில் ரீச்சர் இருக்கிறார். நேற்றிரவு படிவத்தில் கையெழுத்து வைத்துவிட்டேன். ஒத்திகை நாட்களில் கடைசி பஸ் போய்விடும் என்று மனைவி சொன்னார். நான் மோட்டார் சைக்கிளில் போய் ஏற்றி வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.