கிளட்ச்சில் ஆயில்: அல்சூர் பாய் கடையில் என் 4 நாள்

பெங்களூரு அல்சூரில் பாய் நடத்தும் கார் மெக்கானிக் கடையைப் பற்றித்தான் இது. முதலில் குறையைச் சொல்லிவிடுகிறேன். உட்கார நாற்காலி கிடையாது. இரண்டு நாள் என்று சொன்னால் நான்கு நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை பன்னிரண்டரைக்கு மேல் போனால் ஷட்டர் பாதி இறங்கியிருக்கும். தொழுகை முடித்து, சாப்பிட்டு வர இரண்டரை ஆகும். பில் என்பது போன மாசக் காலண்டர் தாளின் பின்பக்கம். போன் பத்து தரம் அடித்தால் ஒரு தரம் எடுப்பார். இதெல்லாம் ஒத்துவராதவர்கள் இங்கேயே நிறுத்திவிடலாம்.

நான் மர்ஃபி டவுனில் இட்லி மாவு அரைத்து விற்கிறேன். காலை 5 மணிக்கு 110, 120 கிலோ ஏற்றிக்கொண்டு பழைய மெட்ராஸ் ரோடு வழியாக மகாதேவபுரா, ஒயிட்ஃபீல்டு அபார்ட்மெண்ட்களுக்குப் போடுவேன். வண்டி 2013 மாடல் பெட்ரோல் ஹாட்ச்பேக், கேஏ-03 நம்பர், 96,000 கிலோமீட்டர் ஓடினது. பின்சீட்டை மடக்கிப் போட்டால் மாவு டப்பாக்கள் அழகாக நிற்கும்.

ஜூன் மாசம் ஒரு நாள், டின் ஃபேக்டரி தாண்டி கே.ஆர். புரம் தொங்கு பாலத்தில் ஏறுகிறேன். ஆக்சிலரேட்டரை மிதித்தால் இன்ஜின் கத்துகிறது, வண்டி நகர மாட்டேன் என்கிறது. பின்னால் பிஎம்டிசி பஸ் ஹாரன், உள்ளே கருகின நாற்றம். எங்கள் கிரைண்டர் பெல்ட்டில் எண்ணெய் பட்டால் இதே கதைதான்: மோட்டார் சுற்றும், கல் சுற்றாது. அதனால் பாதி விஷயம் பாலத்திலேயே புரிந்துவிட்டது. புரியாதது, எண்ணெய் எங்கிருந்து வந்தது என்பது. (இரண்டு மாசமாக ஆயில் கேஜில் அளவு இறங்கிக்கொண்டே வந்தது. ஒரு லிட்டர் வாங்கி ஊற்றிவிட்டு மறந்துபோனேன். அந்தப் பழி என்னுடையது.)

அன்றைக்கே வழியில் இருந்த ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். கியர்பாக்ஸ் பக்கம் ஒரு சின்ன ஓட்டை இருக்கும், அதன் வழியாக பிரேக் கிளீனர் இரண்டு டப்பா அடித்தார்கள். "வாஷ் ஆயிடுச்சு மேடம்" என்று 1,200 ரூபாய். வண்டி நிஜமாகவே இழுத்தது. சரியாக 9 நாள். பத்தாம் நாள் அதே பாலம், அதே நாற்றம்.

அப்புறம் ஏசி போட்ட ஒரு பெரிய சர்வீஸ் சென்டர். காபி கொடுத்தார்கள். கிளட்ச் செட் மாற்ற 16,800. "ஆயில் எங்கேயிருந்து வருது தம்பி?" என்று கேட்டேன். அது தனி எஸ்டிமேட்டாம். புது கிளட்ச்சைப் போட்டு அதன்மேலும் ஆயில் சொட்டினால் மறுபடி இதே 16,800-ஆ என்று கேட்டதற்கு அந்தப் பையன் டேப்லெட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான். காபி நன்றாக இருந்தது.

பாய் கடையைச் சொன்னது என்னிடம் மாவு வாங்கும் ஒரு ஆட்டோ டிரைவர். அல்சூர் ஏரிக்கரையில் திருவள்ளுவர் சிலை இருக்கிறதே, அங்கிருந்து நடக்கிற தூரம்தான். அந்தச் சிலை 1991-லேயே வந்து, 18 வருஷம் மூடியே கிடந்து, 2009-ல் திறந்தார்கள். பாய் இரண்டு நாளை நான்கு நாள் ஆக்கியபோது அதை நினைத்துத்தான் மனசைத் தேற்றிக்கொண்டேன்.

பாய்க்கு அறுபது வயது இருக்கும். வண்டியில் ஏறினார், ஹேண்ட் பிரேக்கை இழுத்தார், மூன்றாவது கியர் போட்டு, லேசாக ரேஸ் கொடுத்துக்கொண்டே கிளட்ச்சை மெதுவாக விட்டார். நல்ல கிளட்ச்சாக இருந்தால் வண்டி அங்கேயே ஆஃப் ஆகிவிட வேண்டும். என் வண்டி ஆஃப் ஆகாமல் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. "பிளேட் போச்சு. ஆனா அதுக்கு முன்னாடி வேற பாக்கணும்" என்று பானெட்டைத் திறந்தார்.

இங்கேதான் இந்தக் கடை எனக்குப் பிடித்தது. கியர்பாக்ஸ் பக்கம் ஆயில் வடிந்தால் உடனே கிராங்கின் (இன்ஜினுக்குள் சுற்றும் தண்டு) பின்பக்க சீல், அதாவது ஆயில் வெளியே வராமல் தடுக்கும் வளையம், என்று சொல்லிவிடக் கூடாதாம். மேலே டேப்பட் கவர் (இன்ஜினின் மேல்மூடி) பேக்கிங் பின்மூலையில் கசிந்தாலும் அதே வழியாக இறங்கி அதே இடத்தில்தான் சொட்டும். டீசல் அடித்து இன்ஜினைக் கழுவி, துடைத்து, காயவிட்டு, குழந்தைகளுக்குப் போடும் பவுடரை டப்பாவிலிருந்து மேலிருந்து கீழ்வரை தட்டிவிட்டார். அரை மணி நேரம் இன்ஜினை ஓடவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தால், மேலே பவுடர் காய்ந்தபடியே வெள்ளையாக இருக்கிறது. கீழே, இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தின் அடியில் மட்டும் ஒரு சொட்டு கட்டி நிற்கிறது. அதுவும் கியர்பாக்ஸ் ஆயிலாக இருக்கலாமே? ஒரு விரலில் தொட்டு என்னிடம் நீட்டினார். "மோந்து பாருங்கம்மா." வெறும் கருகல் வாசனை. இன்னொரு துணியில் கியர் ஆயில் காட்டினார். அது கெட்டியாக, கந்தக நெடி மூக்கில் ஏறியது. ஆக, என் வண்டியில் வந்தது இன்ஜின் ஆயில்தான். பின் சீல்தான்.

மறுநாள் கியர்பாக்ஸை இறக்கினார்கள். டிரைவ் ஷாஃப்ட் இரண்டையும் கழற்ற வேண்டும், கியர் ஆயிலையும் வடிக்க வேண்டும். இந்த வேலையில் கூலி அதிகம் என்பதற்கு அதுதான் காரணம். கிளட்ச் பிளேட்டைக் கையில் கொடுத்தார். தேய்மானம் அவ்வளவு இல்லை, பாதிக்கு மேல் லைனிங் (உராய்ந்து பிடிக்கும் மேற்பூச்சு) பாக்கி. ஆனால் கறுப்பாக, பளபளவென்று. எனக்கு வயிறு எரிந்தது. "இதைக் கழுவிப் போட முடியாதா பாய்?" என்றேன்.

பதில் சொல்லவில்லை. பிளேட்டை பிரேக் கிளீனர் போட்டுத் துடைத்து, ஈரம் போகக் காயவைத்து, டீ போடும் ஸ்டவ்வில் ஒரு தகரத்தை வைத்து அதன்மேல் பிளேட்டை வைத்தார். ஐந்து நிமிஷம் ஆகியிருக்காது. துடைத்துச் சாம்பல் நிறமாக இருந்த லைனிங்கில் புள்ளி புள்ளியாகக் கறுப்பு வந்தது, அப்புறம் வியர்வை மாதிரி சின்னச் சின்ன முத்து. உள்ளே குடித்த ஆயில் சூடு பட்டதும் வெளியே வருகிறது. பாலம் ஏறும்போது நடந்ததும் இதுதான். அந்த 1,200 ரூபாய் வைத்தியம் 9 நாள் தாங்கிய ரகசியமும் இதுதான். "இரும்பைக் கழுவலாம்மா, லைனிங்கைக் கழுவ முடியாது."

ஃப்ளைவீலில் (கிளட்ச் பிளேட் அழுந்தும் இன்ஜின் பக்கத்து இரும்புச் சக்கரம்) அங்கங்கே நீலம் பாரித்திருந்தது, சூடு ஏறின அடையாளம். விரிசல் இருக்கிறதா என்று நகத்தால் கீறிப் பார்த்துவிட்டு, லேத்துக்கு அனுப்ப வேண்டாம், எமரி பேப்பர் போதும் என்றார். லேத்துக்கு என்று சொல்லி இன்னொரு தொகை கேட்டிருந்தாலும் நான் கொடுத்திருப்பேன்.

சாமான் வாங்க நானே ஆட்டோ பிடித்து ஜே.சி. ரோடு போனேன். பழைய பிளேட்டைப் பையில் போட்டுக் கொடுத்து அனுப்பியிருந்தார். கடைக்காரர் அதன் விட்டத்தை அளந்து, நடுவில் உள்ள பல்லை எண்ணிப் பார்த்துத்தான் புதுசு எடுத்தார். பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றும் சேர்ந்த செட் 4,350. சீல் வெறும் 260 ரூபாய். இந்த 260 ரூபாய் ரப்பர் வளையம்தான் அத்தனையும் கெடுத்தது.

கெடுத்தது அது மட்டும் இல்லையாம். பாய் பிசிவி வால்வு என்று, இன்ஜினுக்குள் சேரும் ஆவியை வெளியே விடும் ஒரு சின்ன சாமானைக் கழற்றி என் காதருகே ஆட்டினார். கடகடவென்று சத்தம் வர வேண்டும். ஒன்றும் வரவில்லை, அடைத்துப் போயிருந்தது. நான் மாவுக்காரி என்று தெரிந்ததிலிருந்து அவருக்கு எல்லாமே சமையல்கட்டு உதாரணம்தான்: "குக்கர்ல வெயிட் அடைச்சிக்கிச்சுன்னா ஆவி எங்கம்மா போகும்? கேஸ்கட்டைத் தள்ளிட்டுத்தான் வரும்." அதுவும் புதுசு, 320 ரூபாய். இதை விட்டுவிட்டு சீல் மட்டும் போட்டிருந்தால் புது சீலும் அதே வழிக்குப் போயிருக்கும் என்றார்.

பூட்டும்போது ஒன்று கவனித்தேன். புது பிளேட்டை எடுக்கும் முன் பாய் சோப்பு போட்டு முழங்கைவரை கழுவினார். கூட இருந்த கன்னடப் பையன் கிரீஸ் கையோடு தொடப் போனதும் முதுகில் ஒன்று வைத்தார். விரல் ரேகை அளவு கிரீஸ் ஒட்டினாலும் கிளட்ச் எடுக்கும்போது வண்டி உதறுமாம். ஷாஃப்ட் பல்லில் கிரீஸை ஈர்க்குச்சியில் தொட்டு வைக்கிற மாதிரி வைத்தார். அதிகமானால் சுற்றும்போது பிளேட்டில்தான் தெறிக்கும். என் கடைப் பெண்களிடம் நான் கை கழுவச் சொல்லிக் கத்துவது ஞாபகம் வந்தது.

கியர் ஆயில், கிளீனர் எல்லாம் 1,400. கூலி 3,500. மொத்தம் 9,830. நடுவில் மூன்று நாள் மாவு போட ஆட்டோவுக்குக் கொடுத்ததை இதில் சேர்க்கவில்லை, சேர்த்தால் எனக்குக் கோபம் வரும். தாமதத்துக்குப் பாய் சொன்ன காரணம், நடுவில் வந்த ஒரு ஆம்புலன்ஸ் வேலை. அதற்கு மேல் என்ன சண்டை போடுவது? ஆறு மாசம் கேரண்டி உண்டு, வாய்வார்த்தையாக. ஜிஎஸ்டி பில் வேண்டும் என்பவர்களுக்கு இந்த இடம் சரிப்படாது.

முதல் 500 கிலோமீட்டர் பாதி கிளட்ச்சில் நிற்காதீர்கள், பாலத்தில் ஹேண்ட் பிரேக் போட்டு எடுங்கள் என்றார். டின் ஃபேக்டரி டிராஃபிக்கில் அது எவ்வளவு கஷ்டம் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். முடிந்தவரை செய்தேன். பெடல் இப்போது முன்னைவிட லேசு. இரண்டு மாசம் ஆகிறது. ராத்திரி வண்டிக்கு அடியில் ஒரு அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டுவைத்து, காலையில் மாவு ஏற்றும் முன் டார்ச் அடித்துப் பார்க்கிறேன். இதுவரை ஒரு பொட்டு இல்லை.

முன்சக்கர வீல் கேப் ஒன்று மட்டும் திரும்ப மாட்டவில்லை. கடையில்தான் இருக்கிறதாம். அடுத்த தடவை மாவு கொண்டுபோகும்போது கேட்க வேண்டும். பாய் வீட்டுக்கு இப்போது வாரம் 2 கிலோ.